பதிமூன்றாவது முட்டு

விசாரணை அதிகாரி ஏழு வாக்குமூலங்களையும் படித்து முடித்திருந்தார். ஒரே ஒரு சொல்லின் கீழ் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்திருந்தார். மொத்தம் நாற்பத்தொரு கோடு.

“எல்லாரும் முட்டு, முட்டுங்கிறாங்க. ஒருத்தர் இரும்புக் கம்பத்தைச் சொல்றாரு. ஒருத்தர் மரக்கட்டையைச் சொல்றாரு. இதோ இவரு, ‘முட்டு குடுத்தோம், முட்டு வாங்கலை’ங்கிறாரு. யாரு குடுத்தது, யாரு வாங்கலை? நான் இதுக்கு முன்னாடி எடை அளவு ஆபீஸ்ல இருந்தவன்மா. தராசுன்னா கேளுங்க, சொல்றேன்.”

எதிரே உட்கார்ந்திருந்தவள் அந்த வேலைக்குப் பொறுப்பான இன்ஜினியர். சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

“அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், எங்கேருந்து வந்துச்சு, வேலையில எதுக்குன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை ஃபைலை முடிச்சாகணும். கடைசிக் கேள்விக்கு ரெண்டே பதில்தான். முட்டு தானா சரிஞ்சுதா, இல்ல இறந்தவரே எடுத்தாரா.”

இறந்தவர் அவளுடைய அப்பா.

இரண்டாவது பதிலுக்கு ஆள் தயாராக இருந்தது. சுவருக்கு அடியில் தோண்டிய ஐந்தாம் குழிக்குள் அவர் தனியாக ஜாக்கியைத் திருகிக்கொண்டிருந்ததை மேலே இருந்து பார்த்ததாகவும், முட்டு கழற்றுகிறார் என்று தான் நினைத்ததாகவும் சைட் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் டிக் விழுந்தால் ஃபைல் மூடிவிடும். கம்பெனி தப்பிக்கும். அவளும் தப்பிப்பாள். முப்பத்து நான்கு வருஷம் முட்டுக்காரராக இருந்த மனிதர் மட்டும், தன் தலைக்கு மேல் இருந்ததைத் தானே பிடுங்கிக்கொண்டவராகக் காகிதத்தில் நிற்பார்.

முதல் பதிலில் டிக் விழுந்தால் அடுத்த படிவம் வரும். ஏன் சரிந்தது, வேலையைத் தொடரச் சொன்னது யார் என்று அதில் கேட்பார்கள். சொன்னது அவள்.

அதிகாரி அப்பாவின் துணிப்பையை மேஜைமேல் நகர்த்தினார். சின்னச் சுத்தியல், டீ பிளாஸ்க், மூக்குக் கண்ணாடிப் பெட்டி. “செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கங்க” என்றார். அவள் திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

*

அப்பாவுக்கு வீட்டில் வேறு பேர் இருந்தது. வேலையிடத்தில் முட்டுக்காரர், கொஞ்சம் நெருங்கியவர்களுக்கு வெறும் முட்டு.

பத்தொன்பது வயதில் ஒரு மரக்கடையில் பலகை தூக்கிக்கொண்டிருந்தவர். ஒரு மழைநாளில் பக்கத்து வீட்டுச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. யாரோ கடையிலிருந்து ஒரு கம்பைச் சாய்த்துவைத்து, மேஸ்திரி வரும்வரை பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காலை எட்டு மணிக்குப் பிடித்தவர் மத்தியானம் இரண்டு மணிவரை தோளால் நெட்டிக்கொண்டே நின்றார். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, “நீ எதுக்குடா தோள் குடுக்குற? சுவரைக் கம்பு பாத்துக்கும். நீ கம்பைப் பாத்துக்க” என்றாராம். மறுநாளே மரக்கடையை விட்டுவிட்டு அந்த மேஸ்திரியோடு போய்விட்டார். ஏன் போனீங்க என்று கேட்டால், “ஆறு மணி நேரம் முட்டாள் மாதிரி நின்னிருக்கேன். சம்பளம் வாங்கிக்கிட்டு நிக்கலாமேன்னுதான்” என்பார்.

வேலை இதுதான். பழைய கட்டடத்தை ஒட்டிய மனையில் யாராவது ஆழமாகத் தோண்டுவார்கள், கார் நிறுத்த, கிடங்கு கட்ட. பழைய சுவரின் அஸ்திவாரம் நாலடியில் நின்றுவிடும். பக்கத்துப் பள்ளம் பன்னிரண்டு அடிக்குப் போகும். அந்த அஸ்திவாரத்துக்கு அடியில் புதிதாக இன்னொன்று கட்டியாக வேண்டும். அதுவரை சுவரை யார் பிடிப்பது? சுவரில் வரிசையாக ஓட்டை போட்டு இரும்புத் தூலங்களைக் குறுக்கே நுழைப்பார்கள். ஒவ்வொரு தூலத்தின் இரண்டு முனைக்கும் கீழே தரையில் ஒரு பலகை, பலகைமேல் இரும்புக் கம்பம், கம்பத்தின் தலையில் ஜாக்கி. பலகையிலிருந்து ஜாக்கிவரை எல்லாம் சேர்ந்ததுதான் முட்டு. ஜாக்கியைத் திருகத் திருகச் சுவரின் பாரம் கம்பத்துக்கு மாறும். பிறகு அடியில் ஒரு நேரத்துக்கு ஒரு குழியாகத் தோண்டிக் கான்கிரீட் போட்டுக்கொண்டே போவார்கள்.

குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவர் போடும் முதல் சட்டம்: “‘முட்டு எடு’ன்னு சொல்லு. ‘முட்டை எடு’ன்னு சொன்னே, ஒருத்தன் டீக்கடைக்கு ஓடுவான், ஒருத்தன் ஜாக்கியில கை வைப்பான். ரெண்டுல எது நடந்தாலும் நான் திட்டுவேன்.”

காலையில் வந்ததும் சுத்தியலால் ஒவ்வொரு முட்டாகத் தட்டிக்கொண்டே போவார். பாரம் ஏறிய கம்பம் ‘ணங்’ என்னும். ஏறாதது ‘டொக்’ என்னும். டொக் என்றால் கீழே மண் இறங்கியிருக்கிறது. கம்பம் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்வது, முட்டு வாங்கலை.

வெளியிலும் இந்தப் புத்தி விடாது. ஹோட்டலில் மேஜை ஆடினால் சாப்பிட உட்கார மாட்டார். குனிந்து காலுக்கு அடியில் அட்டை செருகிவிட்டுத்தான் இலையோ தட்டோ. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்த கட்டிலில் ஒரு கால் குட்டை. டாக்டர் வந்து கையை விரித்துவிட்டுப் போனார். அப்பா மாத்திரைப் பெட்டியை நாலாக மடித்து அந்தக் காலுக்குக் கீழே வைத்தார். கட்டிலை அசைத்துப் பார்த்தார். பிறகுதான் அழுதார்.

நல்ல அப்பா என்று சொல்லிவிட முடியாது. மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. பட்டம் வாங்கிய அன்றும் வரவில்லை. கேட்டால் ஒரே பதில்: “சுவர் முட்டுல நிக்குதும்மா.” அம்மா உயிரோடு இருந்தவரை இதற்கு ஒரே எதிர்ப்பேச்சு: “அந்தச் சுவரையே கட்டிக்கிட்டிருந்திருக்கலாம்.” புகழவும் தெரியாது. மகள் முதன்முதலாக வரைந்த வரைபடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். “கோடெல்லாம் நேரா இருக்கு” என்றார். அவ்வளவுதான்.

*

நாலு வருஷத்துக்கு முன் இருவரும் ஒரே சைட்டில் மாட்டிக்கொண்டார்கள். அவள் வேலை பார்த்த அலுவலகம் வரைபடம் போட்டது. முட்டு வேலை அவர் குழுவுக்கு வந்தது. முதல் வாரமே, ஒரு தூலத்தின் இடம் தப்பு என்று எல்லார் முன்னாலும் அவர் குரலை உயர்த்திவிட்டார். அதன்பிறகு ஒரு மாதம் அவள் எதைச் சொன்னாலும் ஆட்கள் தலையைத் திருப்பி, “மேஸ்திரி, அப்படிங்களா?” என்று கேட்டார்கள். ஆணியடிக்கச் சொன்னால்கூட.

அந்த மாதக் கடைசியில் ஒரு மாலை சாப்பாட்டு மேஜையில் அவரே ஒரு ஏற்பாட்டைச் சொன்னார்.

“சைட்ல நீ மேடம். நீ சொன்னா சொன்னதுதான், நான் மறு பேச்சு பேசமாட்டேன். தப்புன்னு தோணுச்சுன்னா வீட்ல பேசிக்கலாம். வீட்ல நான் அப்பன். அப்ப நீ வாயைத் திறக்கப்படாது.”

“நான் தப்பா சொன்னா சாயந்திரம் வரைக்கும் சும்மா இருப்பீங்களா?”

“சுவருக்கு அவ்வளவு அவசரம் இருக்காது பாப்பா.”

அப்படியே நடந்தது. சைட்டில் “மேடம் டீ சாப்ட்டீங்களா” என்பார், ஒரு சிரிப்பும் காட்டாமல். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்: “சாயந்திரம் வீட்டுக்குத்தானே வர்றீங்க மேடம்?” அவள் போவாள். மேஜையில் சண்டை நடக்கும். மறுநாள் காலை அவள் வந்து, தானே யோசித்த மாதிரி உத்தரவை மாற்றுவாள். “மேடத்துக்கு மனசு மாறிடுச்சு” என்று ஆட்கள் முணுமுணுப்பார்கள். நாலு வருஷத்தில் பதினோரு தடவை. ஒன்பது தடவை அவர் சொன்னது சரி.

கடைசி சைட், இரண்டு மாடிப் பழைய கட்டடம். கீழே தையல்கடை, மேலே டைப் அடிக்கச் சொல்லித்தரும் இடம். நாற்பதடிச் சுவர், ஆறு தூலம், பன்னிரண்டு முட்டு, எட்டுக் குழி. சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசல்கள்மேல் குறுக்காகக் கண்ணாடிச் சட்டம் ஒட்டியிருந்தார்கள். விரல் அகலம், ஒரு சாண் நீளம். இரண்டு முனையிலும் சிமெண்ட். சுவர் ஒரு முடி அளவு அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். ஒவ்வொன்றிலும் எண்ணும் ஒட்டிய தேதியும் மார்க்கரில் எழுதுவது அவர் வழக்கம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர் வந்து நின்றார்.

“மேடம், அஞ்சாவது கண்ணாடி போயிருக்கு.”

அவள் போய்ப் பார்த்தாள். கண்ணாடியை ஒட்டி, அதே உயரத்தில், தள்ளுவண்டியின் கைப்பிடி உரசிய கறுப்புத் தடம் இருந்தது. ஆட்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். அதே குழுவில் வேலை பார்த்த அவள் தாய்மாமாவும் அங்கே இருந்தார். பக்கத்து மனைக்காரர்கள் வியாழக்கிழமைக்குக் கான்கிரீட் வண்டி சொல்லியிருந்தார்கள்.

“தள்ளுவண்டி இடிச்சிருக்கு. வேற கண்ணாடி ஒட்டிட்டு வேலையைப் பாருங்க” என்றாள்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“மேடம் சொன்னா சரி.” பிறகு, “சாயந்திரம் வீட்டுக்குத்தானே வர்றீங்க மேடம்?”

“மேஸ்திரி மேடத்தை விருந்துக்குக் கூப்பிடுறாருடோய்” என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள்.

“மீட்டிங் இருக்கு. பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவள் ஆபீஸுக்குக் கிளம்பினாள்.

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு ஐந்தாம் குழியின் மேல் சுவர் இறங்கியது. உள்ளே ஒரே ஒருவர் இருந்தார்.

*

சனிக்கிழமை மத்தியானம் மாமா வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்தார்.

“என்னமோ எழுதச் சொன்னாங்களாமே.”

“முட்டுன்னா என்னன்னு கேக்குறாங்க மாமா. எங்கேருந்து வந்த சொல்லுன்னு.”

“முட்டுன்னா முட்டு. அதுக்கு ஊரு பேரு வேற வேணுமா?” பிறகு அவரே சொன்னார். “உங்கப்பன் ஒண்ணு சொல்லுவாரு. ரெண்டு ஆடு மோதும்போது கடைசியில தலையும் தலையும் ஒட்டிக்கிட்டு அசையாம நிக்கும் பாரு, உசிரில்லாத மாதிரி. அதான் முட்டுன்னுவாரு. யாரும் யாரையும் தள்ளலை. ஆனா ஒண்ணு பின்வாங்கினா இன்னொண்ணு மூஞ்சி குப்புற விழும்.”

“மாமா, அவர் அன்னிக்குக் குழியில தனியா என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?”

மாமா தெருவைப் பார்த்தார்.

“மூணு மணிக்கே எல்லாரையும் டீக்குப் போங்கடான்னுட்டாரு. எப்பவும் நாலுக்குத்தான். நானும் கிளம்பினேன். திரும்பிப் பாத்தா, தோள்ல ஒரு முட்டு தூக்கிக்கிட்டு இறங்குறாரு. கணக்குல இல்லாத முட்டு. ‘எதுக்கு மச்சான்?’ன்னேன். ‘சாயந்திரம் வரைக்கும்டா’ன்னாரு.”

“பன்னெண்டுதான் வரைபடத்துல.”

“பதிமூணாவது.”

“அப்போ அவர் கழட்டலை. திருகி ஏத்திக்கிட்டிருந்தாரு.”

“நான் என்ன குருடனா? தெரியும்.”

“ஏன் வாக்குமூலத்துல சொல்லலை?”

“சொன்னா, எதுக்குக் கூடுதலா வச்சாருன்னு கேப்பான். சுவர் சரியில்லைன்னு அவருக்குத் தோணுச்சும்பேன். அப்புறம் எதுக்கு வேலையை நிறுத்தலைன்னு கேப்பான்.” மாமா எழுந்தார். “கண்ணு, அவர் போயிட்டாரு. நீ இருக்க. தோண்டாத. கண்ணாடி வண்டி இடிச்சுப் போனதாவே இருக்கட்டும்.”

அவர் போன பிறகுதான் அவள் துணிப்பையைத் திறந்தாள். மூக்குக் கண்ணாடிப் பெட்டியில் மூக்குக் கண்ணாடி இல்லை. செய்தித்தாளில் சுற்றிய இரண்டு துண்டு இருந்தது. ஒரு துண்டில் ‘5’. இன்னொன்றில் ஒட்டிய தேதி, அவருடைய சாய்ந்த எழுத்தில். சுவரிலிருந்து பக்குவமாகச் செதுக்கி எடுத்திருந்தார். முனைகளில் சிமெண்ட் அப்படியே இருந்தது. சேர்த்துவைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின. நடுவில் ஒரே கோடு.

அன்று சாயந்திரம் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவர எடுத்து வைத்தது.

ஒரு துண்டைப் பார்த்து முடிவு சொல்லக்கூடாது என்று அவளுக்குப் படிப்பு சொன்னது. கண்ணாடிக்கடையில் அதே அளவில் ஆறு சட்டம் வெட்டி வாங்கினாள். சமையலறைத் தரையில் பன்னிரண்டு செங்கல்லை ஜோடி ஜோடியாக வைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் குறுக்கே ஒரு சட்டம் ஒட்டினாள். ஒரு நாள் காயவிட்டாள். ஞாயிறு மாலை மூன்றைக் கட்டையால் இடித்தாள். மூன்றும் இடித்த இடத்தில் நட்சத்திரம் மாதிரி நொறுங்கின. நடுவில் சில்லுகள் தெறித்துக் காணாமல் போயின. மற்ற மூன்றில் செங்கல்லுக்கு நடுவே ஆப்பு வைத்து மெல்ல மெல்ல விலக்கினாள். ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஒரே கோடு. சில்லு கிடையாது.

அப்பாவின் துண்டுகளைப் பக்கத்தில் வைத்தாள். பார்ப்பதற்கு அதிகம் ஒன்றும் இல்லை.

வண்டி உரசியது உண்மை. கண்ணாடி உடைந்ததும் உண்மை. இரண்டையும் முடிச்சுப் போட்டது அவள். சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தால் ‘டொக்’ என்று கேட்டிருக்கும். அவள் சொல்லவில்லை. அவர் காலையிலேயே தட்டியிருப்பார். எல்லார் முன்னாலும் சொல்ல அவருக்கு வாய் இல்லை. அந்த வாயை அவளுக்காக அவரே தைத்துவைத்திருந்தார்.

தரையைப் பெருக்கினாள். கையில் ஒரு சில்லு ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

*

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி அந்தப் பக்கத்தைச் சத்தமாகவே படித்தார். அப்படிப் படித்தால்தான் தனக்கு ஏறும் என்றார்.

“‘முட்டு: அஸ்திவாரத்துக்கு அடியில் வேலை நடக்கும்போது மேலுள்ள பாரத்தைத் தற்காலிகமாக வாங்கிக்கொள்ளும் தாங்கல். முட்டுதல் என்ற வினையிலிருந்து வந்தது. எதிரெதிரே வந்து தொட்டு நிற்பது என்று பொருள். கால் மடங்கும் இடத்துக்கும் இதே பேர். முட்டு சுவரைத் தூக்குவதில்லை. சுவர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவே திருப்பி அழுத்தும். முட்டு கொடுப்பது மனிதர். வாங்குவது முட்டு. அடியில் மண் இறங்கினால் கம்பம் நிற்கும், பாரம் வாங்காது.’ ஓ, அதான் ‘வாங்கலை’யா. சரி.”

குரல் மெதுவாகியது.

“‘சம்பவ நாளில் வரைபடப்படி பன்னிரண்டு முட்டு இருந்திருக்க வேண்டும். இடிபாட்டிலிருந்து எடுத்த பொருள் பட்டியலில் பதிமூன்று உள்ளது. பதிமூன்றாவது, இறந்தவர் கூடுதலாக வைத்தது. அவர் எதையும் கழற்றவில்லை. அன்று காலை ஐந்தாம் கண்ணாடி உடைந்தது, சுவர் நகர்ந்ததால். வண்டி இடித்ததால் என்று நான் தவறாக முடிவு செய்து, வேலையைத் தொடரச் சொன்னேன்.’”

காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

“கடைசி வரியை எடுத்துட்டாலும் சொல்லுக்கு விளக்கம் முழுசா இருக்கும்மா.”

“இருக்கட்டும் சார்.”

“அடுத்த படிவம் வரும். உங்க லைசென்ஸ் போகும். அதோட நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது. இதை நீங்க பொண்ணா எழுதுனீங்களா, இன்ஜினியராவா?”

“பொண்ணா இருந்திருந்தா அன்னிக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருப்பேன்.”

அதிகாரிக்குப் புரியவில்லை. மூக்குக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இரண்டு துண்டையும் மேஜைமேல் வைத்தாள். அவர் சேர்த்துப் பார்த்தார், விலக்கிப் பார்த்தார், எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டார்.

“இது சாட்சிப் பொருள். எங்ககிட்டதான் இருக்கணும்.”

“திரும்பக் கிடைக்குமா?”

“எப்பன்னு சொல்ல முடியாது.”

அந்த ‘5’, அந்தத் தேதி, இவ்வளவுதான் அப்பாவின் கையெழுத்தில் அவளிடம் மிச்சம் இருந்தது. கடிதம் எழுதும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை. அவள் துண்டுகளை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அதிகாரியின் பக்கமாகத் தள்ளினாள். அவர் ரசீது எழுதினார்: கண்ணாடித் துண்டு, இரண்டு. ரசீதை மடித்துக் காலிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

கீழே, மாடிப்படியின் கடைசிப் படியில் மாமா உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகாமல் வந்திருக்கிறார்.

“எழுதிட்டியா?”

“ம்.”

“அந்த வரியுமா?”

“ம்.”

மாமா கையால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் மளுக்கென்றது.

“பதிமூணாவதைத் தூக்கிக்கிட்டு அவர் இறங்குனதைப் பாத்தது நான் ஒருத்தன்தான். அது பட்டியல்ல இருந்தா மட்டும் போதுமா? எப்படி வந்துச்சும்பான்.” ஒரு படி ஏறினார். “எந்த ரூம்?”

“முதல் மாடி. வலது பக்கம் ரெண்டாவது. மாமா, சூப்பர்வைசர் உங்களை அப்புறம் வேலைக்குச் சேர்க்கமாட்டாரு.”

“சேர்க்கமாட்டான்” என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த படியில் காலை வைத்தார்.